தனி அலுவலர் காலம் போதும்: ஊராட்சித் தேர்தலும் உரிய அதிகாரமும் கோரும் மனு

பெறுநர்: அரசுச் செயலாளர், ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: மாநிலத் தேர்தல் ஆணையர், சென்னை.

அனுப்புநர்: கிராம ஊராட்சிகளின் இந்நாள், முன்னாள் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் அடங்கிய சங்கம்.

நாள்: செப்டம்பர் 2025

பொருள்: ஊரக உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தவும், கிராம ஊராட்சிகளின் நிதி, நிர்வாக அதிகாரங்களைச் சீர்செய்யவும் கோருவது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

திருநெல்வேலி மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் ஒரே சாலை இரு பக்க ஊர்களையும் இணைக்கிறது. மேற்குப் பக்கத்து ஊரில் தெருவிளக்கு எரியாவிட்டால் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். கிழக்கே அப்படித் தட்ட ஒரு கதவு இல்லை. திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் அங்கே மன்றங்கள் இன்னும் பதவியில் இருக்கின்றன. தூத்துக்குடி உள்ளிட்ட மற்ற மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தமிழகத்தின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை அன்றுமுதல் தனி அலுவலர்களின் பொறுப்பில் உள்ளன.

அந்த அலுவலர்கள் மீது இச்சங்கத்துக்குக் குறை எதுவும் இல்லை. ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் சராசரியாக 32 ஊராட்சிகள் இருக்கின்றன. கூட்டம், ஆய்வு, வீடு கட்டும் திட்டங்களின் அறிக்கை என்று ஏற்கெனவே அல்லாடும் ஒன்றிய அலுவலர்களின் தலையில் அத்தனை ஊர்களின் குடிநீரையும் குப்பையையும் சேர்த்து ஏற்றினால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கிறது.

கோடையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கருகுவதை எடுத்துக்கொள்ளலாம். தலைவர் இருந்த காலத்தில் தொட்டி இயக்குபவர் விடியற்காலையில் அவருக்குத்தான் போன் செய்வார். தலைவர் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்து, குழாயை உருவி, மோட்டாரைக் காயில் கட்ட அனுப்பிவிடுவார். அது திரும்பி வரும்வரை டிராக்டரில் தண்ணீர் வரும். பணத்துக்குக் கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். தலைவர் உள்ளூர்க்காரர், எங்கும் போய்விட மாட்டார் என்ற நம்பிக்கை. இப்போது ஊராட்சிச் செயலர் தகவல் சொல்லி, மதிப்பீடு போட்டு, ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குள் குடங்கள் சாலைக்கு வந்துவிடுகின்றன; மறியலில் சமாதானம் பேசவும் ஆள் இல்லை.

இது புதிய அனுபவமும் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சில மாதங்களுக்கு என்று வந்த தனி அலுவலர்களின் காலம் சட்டத் திருத்தங்கள் வழியே நீண்டுகொண்டே போய் மூன்று ஆண்டுகளைத் தாண்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் அப்போது நிறுத்திவைக்கப்பட்டது. அதே பள்ளத்தில் இரண்டாம் முறையும் இறங்கியிருக்கிறோம் என்பதே இச்சங்கத்தின் முதன்மையான வருத்தம்.

அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு ஊராட்சியின் ஆயுளை ஐந்து ஆண்டுகள் என்று வரையறுத்து, அது முடியும் முன்பே தேர்தலை முடிக்கச் சொல்கிறது. கிஷன் சிங் தோமர் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. மத்தியப் பிரதேசம் தொடர்பான சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022-இல் இன்னும் தெளிவாக, தொகுதி மறுவரையறை முடியவில்லை என்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது என்றது. இங்கே சொல்லப்படும் காரணங்களும் வார்டு மறுவரையறையும் நகர்ப்புற எல்லை விரிவாக்கமும்தான். பதவிக்காலம் முடியும் தேதி பதவியேற்பு நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். பக்கத்துக் கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தலை நடத்திவருகிறது. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தின் வழியே மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கவும் முன்வந்தது.

தேர்தல் நடந்தால் மட்டும் போதுமா என்ற கேள்வி நியாயமானது. போதாது. 73-ஆவது திருத்தத்தின் பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன. ஊராட்சியின் கைக்கு முழுதாக வந்தவை குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, உள்ளூர்ச் சாலை போன்ற சிலவே. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றில் கிடைப்பது சிறு தொகை. மாநில நிதிக்குழு மானியத்தில் கணிசமான பகுதி மின் கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. பதினைந்தாவது நிதிக்குழுவோ தன் மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. ஊர் கேட்கும் வேலையைச் செய்ய மிஞ்சுவது சில்லறை.

கையில் காசும் துணிச்சலும் இருந்தால் ஒரு ஊராட்சி என்ன செய்யும் என்பதற்குக் கோவை மாவட்டம் ஓடந்துறை சாட்சி. காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்த அந்தச் சிற்றூராட்சி, மின் கட்டணம் தன் வருமானத்தைத் தின்பதைக் கணக்கிட்டுப் பார்த்தது. சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் நிறுவியது. தன் தேவை போக எஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. 1996 முதல் தொடர்ந்து பத்தாண்டுகள் தேர்தல் தடைபடாமல் நடந்த காலத்தில் விளைந்த முயற்சி அது. எந்தத் தனி அலுவலரும் மூன்று மாதத்தில் மாற்றல் வரக்கூடும் என்ற நிலையில் இப்படி ஒரு கடனுக்குக் கையெழுத்திட மாட்டார்.

கையெழுத்து என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. முறைகேட்டைத் தடுக்க வந்த விதிதான். ஆனால் தலைவர் பட்டியலினத்தவராகவோ பெண்ணாகவோ இருக்கும் ஊர்களில் பலமுறை இதுவே கடிவாளமாகிறது. துப்புரவுப் பணியாளரின் சம்பளம் தேங்கும், பல்பு வாங்கிய கடைக்குப் பாக்கி நிற்கும், "தலைவருக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்ற பேச்சு ஊரில் பரவும்.

மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதியில் வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே முறையாக நடக்க முடியவில்லை. 2006-இல்தான் அது கைகூடியது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் நாடெங்கும் பரவியது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் சுதந்திர தினக் கொடியேற்றம் மறுக்கப்பட்ட தலைவர், ஆட்சியர் நேரில் வந்த பிறகே கொடியேற்றினார். பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் கொடுத்த மாநிலம், அந்த இடத்தில் உட்கார நாற்காலியையும் உறுதிசெய்ய வேண்டும்.

மேற்கண்ட நிலைமைகளைக் கருத்தில் கொண்டு, கீழ்க்காணும் கோரிக்கைகளை நிறைவேற்றித் தருமாறு இச்சங்கம் கேட்டுக்கொள்கிறது.

1. பதவிக்காலம் முடிந்த அனைத்து ஊராட்சிகளுக்கும் தேர்தல் தேதியை உடனே அறிவிக்க வேண்டும். மறுவரையறை முடியாத இடங்களில் பழைய வார்டுகளின்படியே தேர்தல் நடத்தலாம். ஒன்பது மாவட்டங்களின் மன்றங்களுக்கு 2026 அக்டோபரில் காலம் முடிகிறது. அதற்கான இடஒதுக்கீட்டுப் பட்டியலை ஆறு மாதம் முன்பே வெளியிட வேண்டும்.

2. தனி அலுவலரின் காலம் எக்காரணத்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டாதபடி 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் திருத்தம் வேண்டும். இந்த இடைக்காலத்தின் வரவு செலவை அடுத்த கிராம சபையில் முழுமையாகப் படித்துக் காட்ட வேண்டும்.

3. தேர்தல் தாமதத்தால் நின்றுபோகும் மத்திய நிதிக்குழு மானியத்துக்கு ஈடான தொகையை மாநில அரசு விடுவிக்க வேண்டும். தாமதத்துக்கு ஊர்மக்கள் காரணமில்லை.

4. துணைத் தலைவர் எழுத்துப்பூர்வமான காரணமின்றி ஏழு நாளுக்குள் காசோலையில் கையெழுத்திடாவிட்டால், மன்றம் தேர்ந்தெடுக்கும் வார்டு உறுப்பினர் ஒருவர் அந்தக் கையெழுத்தை இட வழிசெய்ய வேண்டும்.

5. பட்டியலினத் தலைவர்களுக்கும் பெண் தலைவர்களுக்கும் இருக்கை, அலுவலகச் சாவி, பதிவேடுகள், கொடியேற்றும் உரிமை ஆகியவை மறுக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் விசாரிக்க, ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பு அலுவலர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும்.

6. 205-ஆவது பிரிவின் கீழ் தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியர் ஒருவரிடமே இருப்பதை மாற்றி, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியின் விசாரணைக்குப் பிறகே முடிவெடுக்க வேண்டும்.

7. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்ற ஏற்பாட்டை இச்சங்கம் வரவேற்கிறது. அங்கே நிறைவேறும் தீர்மானத்துக்கு உரிய துறை 45 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். ஒரு ஊராட்சியை மாநகராட்சியோடோ நகராட்சியோடோ இணைப்பதானால் அவ்வூர் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக வேண்டும். வரி உயருமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்ற அச்சத்துக்கு அங்கேயே விடை கிடைக்கட்டும்.

இக்கோரிக்கைகளை நேரில் விளக்க, மாவட்டத்துக்கு ஒருவர் வீதம் கொண்ட குழுவுக்கு அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னதாக ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், முதல் கோரிக்கை மீது எடுக்கப்படும் முடிவை அந்தக் கிராம சபைகளில் அறிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர்

இணைப்பு: தெருவிளக்கு, குடிநீர் தொடர்பாக நிலுவையில் உள்ள புகார்களின் ஒன்றியவாரிப் பட்டியல், கிராம சபைத் தீர்மான நகல்கள்.