வியர்வைக்கு ரசீது உண்டா?

புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்த பில்லி ஸ்டார், 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோரப் பிராவின்ஸ்டவுன் வரை 36 பேர் மிதித்தார்கள். சேர்ந்த நன்கொடை 10,200 டாலர். இன்றும் ஆகஸ்ட்தோறும் நடக்கும் அந்த 'பான்-மாஸ் சேலஞ்ச்', பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை திரட்டித் தந்தது நூறு கோடி டாலருக்கும் மேல்.

நன்கொடை கொடுக்க எதற்காக மூச்சுவாங்க மிதிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். சூட்சுமம் பதிவுப் படிவத்தில் இருக்கிறது. இன்ன தொகையைத் திரட்டித் தருவேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒருவர் பயணத்தில் சேர முடியும். சொந்தபந்தம், அலுவலகம் என்று எல்லோரிடமும் கேட்டும் குறைந்தால், மிச்சம் அவருடைய கடன் அட்டையிலிருந்தே போய்விடும். 2007 முதல், ஓட்டிகள் திரட்டும் பணத்தில் ஒரு காசுகூட நிர்வாகச் செலவுக்குப் பிடிக்கப்படுவதில்லை. நம் ஊர் 'விழிப்புணர்வு' சைக்கிள் பேரணிகளில் கொடியசைப்பு உண்டு, டி-ஷர்ட் உண்டு, சிற்றுண்டியும் உண்டு. வசூல் கணக்கைத்தான் பெரும்பாலும் காணோம்.

டானா-ஃபார்பர் நிலையம் இன்று பெரியவர்களுக்கும் சிகிச்சை தருகிறது. ஆனால், 1947இல் சிட்னி ஃபார்பர் அதைத் தொடங்கியது குழந்தைகளுக்காகவே. ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அவர் அமினோப்டெரின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அந்த மருந்தை உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1948இல் வானொலி வழியாக மக்களிடம் கேட்டுத் திரட்டியதுதான் ஃபார்பரின் 'ஜிம்மி நிதி'. சைக்கிள் பணமும் அதே நிதிக்குத்தான் போகிறது.

குழந்தைப் புற்றுநோய்கள் அரிதானவை. அவற்றிலும் பல வகை. விற்பனை குறைவு என்பதால் மருந்து நிறுவனங்கள் இந்தப் பக்கம் எளிதில் திரும்புவதில்லை. அரசு மானியமோ, ஓரளவு நிரூபணமான யோசனையையே விரும்பும். யாரும் சோதித்துப் பார்க்காத யோசனைக்கு முதல் பணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட நன்கொடையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே, இந்தப் பயணங்களை வசதியானவர்களின் வாரக்கடைசிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனாலும், ஆய்வுக்கு மட்டும் பணம் சேர்த்தால் போதாது. புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பணக்கார நாடுகளில் குணமாகிறார்கள்; ஏழை நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும், செலவு தாங்காமல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். நம் நாட்டில் அடுத்துக் கிளம்பும் சைக்கிள் அணி, வெளியூரிலிருந்து பிள்ளையோடு வரும் பெற்றோரின் பஸ் கட்டணத்துக்கும் தங்குமிடத்துக்கும் முதலில் வசூல் செய்யட்டும், கணக்கையும் வெளியிடட்டும்.