முதலில் பணம் கேட்டால் அது வேலை இல்லை

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இளம்பிள்ளையில் தறியிலிருந்து இறங்கும் புடவை, கடை அலமாரிக்குப் போவதற்கு முன்பே பல ஊர்ப் பெண்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. மொத்த வியாபாரி காலையில் குரூப்பில் படம் போடுவார். கீழே நிறம், பிளவுஸ் உண்டா இல்லையா, ரீசெல்லர் விலை எல்லாம் இருக்கும். மதுரையிலோ திருவாரூரிலோ இருக்கும் ஒரு பெண் அந்தப் படத்தை எடுத்து, தன் லாபத்தைச் சேர்த்து வேறு விலை எழுதிப் போடுகிறார். ஆர்டர் வந்ததும் முகவரியை அனுப்புகிறார். பார்சல் இளம்பிள்ளையிலிருந்து நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகிறது. கடை வாடகை இல்லை, சரக்கு தேக்கம் இல்லை.

வீட்டிலிருந்தே நெட்டில் சம்பாதிக்க வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வியாபாரத்தைத்தான். இது உண்மையான தொழில். ஆனால் இதில் வரும் தொகை எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 550 ரூபாய்ப் புடவையை 630-க்கு விற்றால் கையில் நிற்பது 80. மாதம் 20 புடவை போனால் 1,600. ஒரு புடவை திரும்பி வந்து, போக வரக் கூரியர் செலவு உங்கள் தலையில் விழுந்தால், இரண்டு புடவையின் லாபம் அதோடு போயிற்று. அதனால்தான் பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் ரிட்டர்ன் கிடையாது என்று எல்லாரும் கறாராகச் சொல்கிறார்கள்.

இதில் நிலைத்து நிற்பவர்கள் வருகிற படத்தையெல்லாம் அப்படியே அனுப்புகிறவர்கள் அல்லர். புதுச் சரக்கு வந்தால் ஒன்றைத் தங்களுக்கு வாங்கி, துவைத்துப் பார்த்து, வெயில் வெளிச்சத்தில் தாங்களே படம் எடுத்து, “சாயம் கொஞ்சம் போகும், முதல் தடவை தனியாகத் துவையுங்கள்” என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கிறவர்கள். வாடிக்கையாளர் அந்த வார்த்தையை நம்பித்தான் அடுத்த புடவைக்குப் பணம் போடுகிறார்.

கைத்தொழில் உள்ளவர்களுக்கும் வழி முன்பைவிடச் சுலபமாகியிருக்கிறது. ஜிஎஸ்டி வரம்புக்குள் விற்பனை செய்யும் சிறு விற்பனையாளர்கள், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலேயே, ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, தங்கள் மாநிலத்துக்குள் இணைய விற்பனைத் தளங்களில் பொருள் விற்கலாம் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பருப்புப்பொடி, ஊறுகாய் என்று உணவுப்பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவை மட்டும் விட்டுவிடக் கூடாது. சிறு தொழிலுக்கான பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

விற்கப் பொருள் இல்லாமல் படிப்பு இருந்தால்? தமிழே ஒரு பிழைப்புக்கு உதவும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் அதைத் தாய்மொழிப் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். கட்டுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் பயிற்சி தேடும் பெற்றோர் அங்கே உண்டு. அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. உங்கள் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வீடு திரும்புமுன் ஒரு வகுப்பை முடித்துவிடலாம். அமெரிக்கக் கிழக்குக் கரைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால், அவர்களுடைய இரவு ஏழு மணி வகுப்புக்குக் குளிர்காலத்தில் நீங்கள் காலை ஐந்தரைக்கு உட்கார வேண்டும். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை முன்னே தள்ளியதும் அதுவே நாலரை ஆகிவிடும். இதைத் தாங்குகிற உடம்பும் வீடும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். பாட்டு, வீணை, கணிதம் எதுவானாலும் இதே நேரக் கணக்குத்தான். முதல் மாணவர் பெரும்பாலும் உறவிலிருந்துதான் வருவார். இரண்டாமவரை அந்த முதல் மாணவரின் அம்மா அழைத்து வருவார்.

யூடியூப் பற்றியும் கேட்பீர்கள். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது அந்த 4,000 மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாட்களில் ஷார்ட்ஸ் ஒரு கோடிப் பார்வைகளைத் தொட வேண்டும். அதைத் தாண்டினாலும் கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். பள்ளிக் கட்டணத்துக்கு நம்பி உட்காரும் வருமானம் அல்ல இது. ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் வடிவமைப்போ மொழிபெயர்ப்போ செய்தால், 1,000 ரூபாய் வேலைக்கு 200 ரூபாயைத் தளமே எடுத்துக்கொள்ளும். மீதி உங்களுடையது. அதை வருமான வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும். வேறு இடத்தில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் தங்கள் பணி ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது நல்லது. 2022-ல் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்தார்கள் என்று 300 பேரை நீக்கியது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பணம் தருபவர் யார், எதற்குத் தருகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். புடவைக்கு வாங்குபவர் தருகிறார். பாடத்துக்குப் பெற்றோர் தருகிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

டெலிகிராமில் வரும் “பகுதி நேர வேலை”யைப் பாருங்கள். வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ஐந்து ஸ்டார் கொடு என்பார்கள். 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் விழும். அது உங்கள் நம்பிக்கையை வாங்குவதற்கான விலை. அடுத்து, “ஆயிரம் கட்டினால் 1,300” என்ற ப்ரீபெய்டு டாஸ்க். அதுவும் திரும்பி வரும். பிறகு ஐயாயிரம், ஐம்பதாயிரம். குரூப் டாஸ்க், நடுவில் விலகினால் மற்றவர்கள் பணமும் போய்விடும் என்று மிரட்டல். திரையில் லட்சக்கணக்கில் இருப்பு தெரியும். எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்பார்கள். இன்னொரு வகை டேட்டா என்ட்ரி. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேலை தருவார்கள். முடித்துக் கொடுத்ததும் பிழை அதிகம், ஒப்பந்த மீறல் என்று போலி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பணம் பிடுங்குவார்கள். இவற்றைவிடக் கொடியது, கமிஷன் தருகிறோம் என்று உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. திருட்டுப் பணம் அந்த வழியாகப் போகும். வழக்கு உங்கள் பெயரில் வரும்.

ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு. வீட்டில் திட்டுவார்களே என்று பலர் ஓரிரு நாள் மறைத்துவிடுகிறார்கள். அதற்குள் பணம் கைமாறிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதலில் போனை எடுங்கள், கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொடங்குகிறவர்கள் மூன்று மாதம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள், எவ்வளவு வந்தது, ரீசார்ஜும் கூரியரும் எவ்வளவு தின்றன. வந்ததிலிருந்து செலவைக் கழித்து மணி நேரத்தால் வகுங்கள். தெருவில் பிளவுஸ் தைப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால், வேலையை மாற்றுங்கள் அல்லது விலையை ஏற்றுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெண்களின் நேரத்துக்கு வீட்டில் யாரும் விலை போட்டதில்லை. அந்த விலையை முதன்முதலாக நீங்களே போட்டுப் பார்க்கிறீர்கள். ஆயிரத்து அறுநூறு ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் யாரிடமும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய தொகை. அதை நேர்மையாகச் சம்பாதிக்க வழி இருக்கிறது, அவசரப்படாமல் தேடுங்கள்.