கயிற்றில் எத்தனை முடிச்சு?



போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். நிலத்தடி நீர் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாளாம். "சார், நம்ம பள்ளிக்கூடக் கிணத்துல வாரா வாரம் தண்ணி அளந்து எழுதினோமே, அந்தக் கணக்கு இருக்கா?" என்று கேட்டாள். "கம்ப்யூட்டர்ல ஏத்தி பத்திரமா வெச்சிருக்கேன், வாம்மா" என்றேன் பெருமையாக.

வந்தாள். சிடி திறந்தது. தலைப்புகள் பழைய எழுத்துருவில் இருந்ததால் திரையில் கோணல்மாணலாகத் தெரிந்தன. அதை அவளே யூனிகோடுக்கு மாற்றிவிட்டாள். ஆறு வருடத்துக் கணக்கு. 14, 17, 21 என்று எண்கள் மட்டும் வரிசையாக இருந்தன. அவை அடியும் இல்லை, மீட்டரும் இல்லை. கயிற்றில் போட்ட முடிச்சுகள். முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு இடைவெளி? அது நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. "கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே" என்று அந்த நோட்டை ஓய்வு பெற்றபோது எடைக்குப் போட்டுவிட்டேன். "பரவாயில்ல சார்" என்று சொல்லிப் போனாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பெரிய இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1086இல் தொகுத்த டோம்ஸ்டே என்ற நிலக் கணக்கேட்டை இன்றும் படிக்கலாம். அதன் 900ஆம் ஆண்டையொட்டி, 1986இல் பிபிசி நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர் விவரங்களைத் திரட்டி லேசர் தட்டில் பதிந்தது. பதினைந்தே ஆண்டுகளில் அந்தத் தட்டை ஓட்டும் கருவி கிடைப்பது அரிதாகிவிட்டது. ஆய்வாளர்கள் தனியாக மென்பொருள் எழுதித்தான் மீட்டார்கள்.

சேமிப்பது வேறு, காப்பது வேறு என்பதுதான் நான் கற்ற பாடம். ஓலை செல்லரிக்கும் முன் புது ஓலையில் படியெடுத்தார்கள் நம் முன்னோர். தரவுக்கும் அதே கவனிப்பு வேண்டும்.

ஆய்வு செய்யும் பிள்ளைகளே, உங்கள் ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறிவிடுகிறது. அதற்கு அடிப்படையான எண்கள் உங்கள் லேப்டாப்போடு போய்விடுகின்றன. ஆய்வேட்டோடு தரவையும் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் விதிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்களே செய்யுங்கள்:

எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி வடிவில் ஒரு படி வையுங்கள். எதை, எங்கே, எந்த அளவில், எப்படி அளந்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கூடவே சேருங்கள். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். செர்ன் நடத்தும் ஸெனோடோவில் இலவசமாகவே போட்டு வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கிணற்றில் கயிறு விட்ட பிள்ளைகளே, முடிச்சுக்கு முடிச்சு ஒரு அடியா, ஒரு முழமா? யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்து நோட்டு கிடந்தால் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் ஆய்வு இன்னும் முடியவில்லை.