ஆறு போக வழி விடுவோம்

ஐப்பசி பிறந்து நாலு நாள் விடாமல் மழை பெய்தால், எங்கள் மீஞ்சூர், வல்லூர்ப் பக்கத்துப் பெண்கள் கேட்கிற முதல் கேள்வி, "பூண்டியைத் திறந்துட்டாங்களாமே?" என்பதுதான். உடனே அணையைத் திட்டத் தொடங்கி விடுவோம். குற்றம் முழுவதும் அணை மீதா, சகோதரிகளே?

பூண்டி நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. நிரம்பினால் 3,231 மில்லியன் கன அடி கொள்ளும். அதற்கு மேல் வருவதைக் கொசஸ்தலை ஆற்றில் விட்டே ஆக வேண்டும். அது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, மணலி புதுநகர் ஓரமாக வந்து எண்ணூரில் கடலில் சேர வேண்டும்.

சேர முடிகிறதா என்பதுதான் விஷயம். வீட்டு ஜலதாரையில் ஒரு துணி அடைத்துக் கொண்டால், இரண்டு குடம் தண்ணீரே கூடத்துக்குள் ஏறி விடுமல்லவா? எண்ணூர் முகத்துவாரமும் அப்படித்தான். ஒரு பக்கம் கடல் மணல் மூடுகிறது. மறுபக்கம் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் மேடாகிறது. வெள்ளம் பரவி நிற்க இடம் கொடுத்த சதுப்பு நிலங்களும் உப்பளங்களும் தூர்ந்து போயின. புயல் நேரத்தில் கடல் வேறு தண்ணீரை உள்ளே தள்ளும். பிறகு அது எங்கே போகும்? 2015-லும் 2021-லும் மணலி புதுநகர் வீடுகளுக்குள் போயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து, எண்ணூர் வீட்டுச் சுவர்களிலும் மீனவர் வலைகளிலும் பிசுபிசுவென்று ஒட்டிக் கொண்டது.

"இதுக்கு நாம என்ன பண்றது? கவர்மெண்ட் பார்க்கணும்" என்பீர்கள். தூர் வாருவது சர்க்கார் வேலைதான். கேட்பது நம் வேலை. ஆகஸ்ட் 15-ல் நடக்கும் கிராம சபைக்குப் பத்துப் பெண்களாகச் சேர்ந்து போங்கள். எந்த வாய்க்கால் அடைந்திருக்கிறது, எங்கே ஆற்றோரம் மண் கொட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசிலும் மனு கொடுக்கலாம். மழை வந்த பின் கேட்டால் படகுதான் கிடைக்கும்! நம் வீட்டுக் குப்பை வாய்க்காலில் விழாமல் பார்ப்பதும் நம் பொறுப்பே.

அணை திறக்கிறார்கள் என்று தெரிந்தால்:

* ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள்.
* வீட்டுக்குள் தண்ணீர் வருமுன் மெயின் சுவிட்சை அணைத்து விடுங்கள்.
* குடிநீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள்.
* வெள்ளத்தில் எலி மூத்திரம் கலந்திருக்கும்; காலில் காயத்தோடு இறங்கினால் எலிக் காய்ச்சல் வரலாம். பின்னர் காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் போங்கள்.
* குழந்தைக்குப் பேதியானால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.
* உதவிக்கு 1077.

ஆறு நம்மைத் தேடி வரவில்லை. கடலைத் தேடித்தான் போகிறது. வழியை அடைக்காமல் இருந்தால் அதுபாட்டுக்குப் போய்விடும்.