பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு ஒரு பங்கு: யுஜிசி தலைவருக்குத் திறந்த மடல்

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தலைவர் அவர்களுக்கு,

திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிற மாணவி, பிளஸ் டூவில் எவ்வளவு மதிப்பெண் எடுத்தாலும் தரவரிசையில் ஒரு படிகூட ஏற முடியாது. பிளஸ் டூ வெறும் தகுதிச் சீட்டு; இடத்தைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வான க்யூட். 45 மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் இதுவே வழி என்று தங்கள் குழு 2022 மார்ச்சில் அறிவித்தது.

அப்படி அறிவித்ததற்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2021ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற சில கல்லூரிகளில் கட்-ஆஃப் 100 சதவீதத்தைத் தொட்டது. கேரள வாரிய மாணவர்கள் முழு மதிப்பெண்ணோடு வந்து சேர்ந்தபோது, தாராளமாக மதிப்பெண் போடும் வாரியங்களைப் பற்றிய சண்டை கிளம்பியது. 99.5 வாங்கிய பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிய முறைக்காக யாரும் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை.

அதன் இடத்தில் வந்த க்யூட்டிலோ இப்போது ஒரு பாடத்துக்கு 60 நிமிடம், 50 கொள்குறி வினா. சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. பாடத்திட்டம் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் (என்.சி.இ.ஆர்.டி.) நூல்களை ஒட்டியது. வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு நூல் ஹரப்பாவில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பிளஸ் டூ வரலாற்றின் முதல் பாடமோ இந்தியாவில் தேசியத்தின் எழுச்சி. ஐரோப்பாவும் இரண்டாம் உலகப் போரும் பின்னால் வருகின்றன. ஹரப்பாவை இந்தப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னிலேயே முடித்துவிடுகிறார்கள். பொதுத்தேர்வுக்கு ஒரு புத்தகம், க்யூட்டுக்கு இன்னொரு புத்தகம் என்று இரட்டைப் படிப்பு. வினாத்தாளைத் தமிழில் தருவது நல்லதுதான். ஆனால் படிக்காத பாடத்தைத் தமிழில் கேட்டால் மட்டும் விடை வந்துவிடுமா?

இந்த ஏற்பாடு பள்ளிப் படிப்பை ஓரங்கட்டிப் பயிற்சி மையங்களை வளர்க்கும் என்பதுதான் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11ல் க்யூட்டை எதிர்த்து நிறைவேற்றிய தீர்மானத்தின் கவலை.

பிளஸ் டூ மதிப்பெண்ணையும் தரவரிசையில் சேருங்கள் என்று கேட்டால், வாரியத்துக்கு வாரியம் மதிப்பெண் வேறுபடும், ஒப்பிட முடியாது என்று பதில் வரலாம். க்யூட்டிலேயே அந்தச் சிக்கல் இருக்கிறதே! ஒரே பாடத்தைப் பல ஷிப்டுகளில், வெவ்வேறு வினாத்தாள்களில் நடத்திவிட்டு, பெர்சன்டைல் கணக்கால் சமன்செய்கிறது தேசியத் தேர்வு முகமை. அதே கணக்கை வாரியங்களுக்கும் போடலாம். இது புதுக் கற்பனையும் அல்ல. 2013 முதல் 2016 வரை என்.ஐ.டி. சேர்க்கையில் 40 சதவீதம் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு, 60 சதவீதம் ஜேஇஇ மெயினுக்கு என்று பெர்சன்டைல் முறையில்தான் தரவரிசை போட்டார்கள். ஷிப்டுகளுக்கு மாணவர்கள் கலந்து போகிறார்கள், வாரியங்களில் அப்படி இல்லை என்பது உண்மையான ஆட்சேபம். அதனால்தான் பிளஸ் டூவுக்கு முழு எடை வேண்டாம், ஒரு பங்கு போதும் என்கிறேன்.

தேதி விஷயத்திலும் மாணவர்கள் பட்டது போதும். 2022ல் முடிவு வந்தது செப்டம்பர் நடுவில். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பு தொடங்கியபோது நவம்பர் பிறந்திருந்தது. 2024 மே 15ல் டெல்லியில் நடக்கவிருந்த தாள்கள் முந்தைய நாள் இரவுதான் தள்ளிவைக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவுக்கு ஜூலை கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்கிற குடும்பம் கையில் கிடைத்த கல்லூரியில் பணம் கட்டிவிடுகிறது. பிறகு க்யூட்டில் இடம் கிடைத்தால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்க அலைகிறது.

எனவே கோரிக்கைகள் மூன்று. பிளஸ் டூ பெர்சன்டைலுக்குத் தரவரிசையில் 40 சதவீதம் கொடுங்கள். முடிவு வெளியாகும் தேதியை விண்ணப்ப அறிவிக்கையிலேயே அச்சிடுங்கள். எந்த வாரியத்திலிருந்து, எந்த வினாத்தாள் மொழியில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். அதற்கு வேண்டிய விவரமெல்லாம் விண்ணப்பப் படிவத்திலும் சேர்க்கைப் பட்டியலிலும் ஏற்கனவே இருக்கிறது.