சாடியைத் திறக்காத தமிழாய்வு

முதுகலைத் தமிழ் வகுப்பில் பெரும்பாணாற்றுப்படை நடத்துகிறவர்களுக்குச் சங்கடமான இடம் ஒன்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனை வலைஞர் குடியிருப்புக்கு அழைத்துச் செல்லும் பகுதி அது. அங்கே பாணனுக்கு ஒரு பானம் கிடைக்கிறது. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் புலவர் ஒரு படியும் விடாமல் சொல்கிறார். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். வாய் அகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். அதில் 'நல்லடை' என்ற ஒன்றைப் பிசைந்து கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடிக்குள் விளையவிடுகிறார்கள். பச்சை வாடை நீங்கியபின் வெந்நீர் விட்டு, விரலால் அலைத்து, அரித்து எடுக்கிறார்கள்.

நம் ஆசிரியப் பெருமக்கள் இதை எப்படி நடத்துகிறார்கள்? "இங்கே கள் காய்ச்சும் முறை கூறப்பட்டது" என்று ஒரு வாக்கியம். கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு அதே பத்தியில் வரும் சுட்ட மீனுக்குப் போய்விடுவார்கள். பதினெட்டு ஆண்டுகளாக நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். எனவே கீழே வரும் வசைகளில் முதல் பங்கு எனக்குரியது.

அந்த ஒற்றை வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. இன்று நாம் கள் என்று சொல்வது பனையிலோ தென்னையிலோ இறங்கும் பாளை நீர். அதை எவரும் செய்ய வேண்டியதில்லை; கலயத்தில் விழும்போதே நொதிக்கத் தொடங்கிவிடும். சங்க வழக்கில் கள் பொதுச்சொல். தானியத்தில் விளைந்ததையும் அது குறிக்கும். பொதுச்சொல் சுருங்கி ஒரு மரத்தின் பெயராகிவிட்டதால் அரிசிச் சாடியிலும் நாம் பனையைத் தேடுகிறோம். இரண்டாவது பிழை 'காய்ச்சும்' என்ற வினை. செய்தித்தாள் தமிழில் இன்று காய்ச்சுவது என்றால் வாலை வைத்துச் சாராயம் இறக்குவது. பாட்டில் வாலையும் இல்லை, ஆவியும் இல்லை. தானியத்தின் மாவுச்சத்து இனிப்பாகி, இனிப்பு போதையாகும் செயல்முறை இது. உலகம் இதற்கு வைத்திருக்கும் பெயர் பீர். அதே நூலில் எயினர் குடியிருப்பைச் சொல்லும்போது தோப்பி வருகிறது. தமிழ்ப் பேரகராதி தோப்பிக்கு நெல்லால் ஆன கள் என்றே பொருள் தருகிறது. அங்கே அது வீட்டில் அடப்பட்டது என்றும் புலவர் சொல்கிறார். அடுதல், அதாவது சமைத்தல். சோற்றுக்கும் பீருக்கும் ஒரே வினை. இடமும் ஒன்றே, வீட்டு அடுப்படி.

இதைப் பற்றி நான் முதன்முதலாக யோசித்தது நூலகத்தில் இல்லை. என் பழைய மாணவர் ஒருவர் டெக்சாஸில் கணிப்பொறி வேலையில் இருக்கிறார். வார இறுதிகளில் கார் கொட்டகையில் பீர் செய்வது அவருடைய பொழுதுபோக்கு. ஒரு முறைக்கு ஐந்து கேலன், சுமார் 19 லிட்டர். முளைகட்டி உலர்த்திய பார்லியை நொறுக்கி, ஏறத்தாழ 66 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுத்து, ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட் தூவி, இரண்டு வாரம் மூடிவைக்கிறார். வெப்பமானியும் குறிப்பேடுமாக அவர் அதைச் செய்வதைக் காணொளியில் பார்த்தபோது, எம்.ஏ. வகுப்பில் அவர் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பேச்சுவாக்கில் பெரும்பாணாற்றுப்படைப் பகுதியை அவருக்குச் சொன்னேன். உரைமரபு நல்லடையை முளைகட்டிய நெல்லின் மாவு என்று கொள்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ஐயா, ஆற வச்சதுக்கு அப்புறமா அதைக் கலக்கறாங்க?"

ஆமாம் என்றேன். "அப்ப அது முளையா இருக்குமான்னு சந்தேகமா இருக்குங்க ஐயா. முளைக்குச் சூடு வேணும். ஆறினதுல போடறாங்கன்னா உயிருள்ள எதையோ போடறாங்க."

முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. அவை அறுபது பாகையை ஒட்டிய சூட்டில்தான் விரைந்து வேலை செய்யும். ஆறிய களியில் மந்தமாகிவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது. பூஞ்சையும் ஈஸ்டும் சேர்ந்து வளர்ந்த மாவு வில்லைகளைப் பொடித்து ஆறிய சோற்றில் கலப்பது. கொரியாவின் நுருக், நேபாளத்திலும் சிக்கிமிலும் மர்ச்சா, சந்தாலிகளும் முண்டாக்களும் ஹண்டியாவுக்குப் பயன்படுத்தும் ரானு ஆகியவை இந்த வழியைச் சேர்ந்தவை. இங்கே சோறு ஆறியிருப்பது கட்டாயம். சூடாக இருந்தால் வில்லையிலுள்ள உயிர் செத்துப்போகும். ஹண்டியாவுக்கும் மண்பானைதான், சில நாள்தான்; கடைசியில் தண்ணீர் விட்டுக் கையால் அலைத்துத்தான் பிழிகிறார்கள்.

இப்போது பாட்டுக்குத் திரும்புவோம். புலவர் நல்லடைக்கு ஓர் உவமை சொல்கிறார்: பாம்பு உறையும் புற்றுக்குள் இருக்கும் குரும்பி. குரும்பி என்பது புற்றாஞ்சோறு. கரையான்கள் பூஞ்சை வளர்க்கும் தோட்டம் அது. கடற்பஞ்சு போல் துளைதுளையாய், மேலே வெள்ளைப் பொட்டுகளுடன் இருக்கும். மழை முடிந்ததும் புற்றுக்காளான் கிளம்புவது அதிலிருந்துதான். அடைக்கு முன்னால் புலவர் வைத்திருக்கும் சொல் 'பூம்புறம்'. பொலிவான புறம் என்று உரை சொல்லும். ஊறுகாய் கெட்டால் "பூத்துப்போச்சு" என்கிறாள் நம் பாட்டி. புறம் பூத்த அடை என்று கொண்டால் பூஞ்சை படர்ந்த வில்லையன்றி வேறென்ன? அடை என்ற சொல்லுக்கும் அப்போது வளைத்துப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

இது என் ஊகம். எதிர்வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலுக்கு நெல் முளைகட்டிய கோணியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளை வேர்கள் பின்னிக்கொண்டு நெல் ஒரே பாளமாய், ஓர் அடை போலவே வரும். அதுவும் குரும்பியை ஒத்துத்தான் இருக்கும். உரைமரபு சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் எது சரி என்பதை இன்னும் நூறு கருத்தரங்குக் கட்டுரைகள் எழுதினாலும் தீர்க்க முடியாது. இரண்டு சாடிகள் வேண்டும். ஒன்றில் முளை, ஒன்றில் வில்லை. இரண்டு பகல், இரண்டு இரவு. படி அரிசிக்கு மேல் செலவில்லாத சோதனை.

சுமேரியர்களின் பீர்த் தெய்வம் நின்காசிக்கு ஒரு துதிப்பாடல் உண்டு. கி.மு. 1800ஐ ஒட்டிய களிமண் பலகைகளில் கிடைத்தது. சிகாகோவிலிருந்த சுமேரிய அறிஞர் மிகேல் சிவில் அதை 1964இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். துதியின் உள்ளே இருப்பது செய்முறை. அதில் வரும் 'பப்பிர்' என்ற சொல் ரொட்டியா, மாவுப் பிசையலா, மால்ட்டா என்பது இன்றும் தீராத வழக்கு. நம் நல்லடையின் அண்ணன் என்றே சொல்லலாம். 1989இல் சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கர் பீர் ஆலையின் ஃப்ரிட்ஸ் மேடாகும் மானுடவியலாளர் சாலமன் காட்ஸும் பப்பிரை ரொட்டி என்று கொண்டு, சுட்டு, ஊறவைத்து, அந்த பீரைச் செய்தே பார்த்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தங்கள் சமையலறைகளில் அதைத் திரும்பச் செய்து, அவர்கள் கொண்ட பொருளோடு சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லின் பொருளுக்காக அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். நாமோ 1889இல் உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்துக் கையில் கொடுத்த பிறகும், சாடியின் மூடியைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கிறோம்.

தொட்டால் என்ன ஆகும்? குற்றம். 1937இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் அதே பெயரில் இருக்கிறது. உரிமமின்றி மது செய்வது குற்றம். செய்வதற்கான பாத்திரத்தையும் பொருளையும் வைத்திருப்பதும் குற்றம். எத்தனை லிட்டர், விற்கவா, வீட்டுக்கா என்ற கேள்வியே இல்லை. விலக்கு என்ற பெயரில் இருக்கும் அதே சட்டத்தின் நிழலில்தான் 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். 1987 முதல் பனையேறிக்குக் கள் இறக்கத் தடை. ஆக, நீங்கள் குடிக்கலாம்; வாங்கிக் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இது ஒழுக்கம் சார்ந்த ஏற்பாடு என்று இன்னும் நம்புகிறவர்கள் ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 1899இல் வீட்டில் மது செய்வதைத் தடைசெய்தார்கள். காரணத்தில் ஒளிவுமறைவு இல்லை. மதுவரி அரசின் பெருவருவாய். மாயேடா தோஷிஹிகோ என்ற எழுத்தாளர் அரிசியில் செய்யும் தொபுரோக்கு மதுவை வேண்டுமென்றே வெளிப்படையாகச் செய்து, வழக்காடி, 1989இல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். 2003இல் சில சிறப்பு வட்டாரங்களில் சிறு தயாரிப்பாளர்களுக்கு மட்டும் உரிமம் எளிதாக்கப்பட்டது.

மற்ற நாடுகளில் இதைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 1963இல் வீட்டு பீருக்கான உரிமம் தேவையில்லை என்றானது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு இடம் கிடைத்தது, வீட்டு பீர் விடுபட்டுப்போனது. 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைச் சரிசெய்தது: விற்பனைக்கு இல்லையென்றால், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன். மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை முரண்டு பிடித்தன. இங்கேயே பல மாநிலங்களில் பழங்குடியினர் வீட்டுத் தேவைக்கு அரிசி மது செய்ய விதிவிலக்கு இருந்துவருகிறது. அவர்கள் 'பழங்குடி' என்பதால் அது பண்பாடு. வலைஞர் குடியிருப்பில் அதையே செய்தவர்களின் வழிவந்த நமக்கு அது பாடப்புத்தகம்.

கள்ளக்குறிச்சியைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2023இல் மரக்காணத்திலும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது தொழிற்சாலைப் பொருள். அரிசிக் களி புளித்து அது வந்துவிடாது. தானிய பீரில் உண்டாகும் மெத்தனால் பொருட்படுத்தத்தக்க அளவில்கூட இராது. விஷம் கலந்து விற்கும் வியாபாரியையும் சாடியில் அரிசி ஊறவைக்கும் ஒருவரையும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கும் மொழிச் சோம்பேறித்தனத்துக்கு அந்தப் பிணங்களைச் சாட்சிக்கு அழைப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இட்லி மாவு பொங்கி வழியாத வீடு நம் தெருவில் எது? நொதித்தலைக் கண்டு பயப்படுகிற சமூகமா இது?

குடியால் அழிந்த குடும்பங்கள் என் உறவிலும் உண்டு. ஒருவரும் வீட்டில் செய்து அழியவில்லை. இரண்டு வாரம் காத்திருந்து, பாத்திரம் கழுவிக் கழுவிக் கை வெளுத்து ஒரு குவளை எடுப்பவரின் குடியும், பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்கக் காத்திருப்பவரின் குடியும் ஒன்றென்று சொல்பவர்கள் இரண்டையும் பார்த்ததில்லை. செய்கிறவர்களிலும் குடிநோயாளிகள் இருப்பார்கள் என்பதை மறுக்கவில்லை.

நம் சிற்றிதழ்ச் சூழலைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இங்கே குடிக்கு ஒரு கிரீடம் உண்டு. எந்த இலக்கியச் சந்திப்பின் நினைவுக் குறிப்பும் நள்ளிரவு அறையும் கவிழ்ந்த புட்டியும் இல்லாமல் முடிவதில்லை. நறவு, தேறல் என்று தலைப்பு வைத்த கவிதைத் தொகுதிகளுக்கும் குறைவில்லை. ஆனால் தேறல் ஏன் தேறல், தெளிதலுக்கும் அதற்கும் என்ன உறவு, கசடு எவ்வளவு நேரத்தில் அடியில் படியும் என்று கேட்டால் கலகக்காரர்கள் கைவிரிப்பார்கள். அரசாங்கக் கடையில் வரிசையில் நின்று வாங்கிய ரம்மைக் குடித்துவிட்டு மரபை மீறியதாக எழுதுவது எப்படிப்பட்ட மீறல் என்று எனக்குப் புரிந்ததேயில்லை. ஒழுக்கவாதப் பேராசிரியருக்கும் இவர்களுக்கும் ஒரு விஷயத்தில் முழு உடன்பாடு: இருவருக்கும் கள் என்றால் குடிப்பது. செய்வது என்ற ஒன்று இருவர் கண்ணிலும் பட்டதில்லை. துழவை, பிழா, வழைச்சு, அரியல் என்று கைவேலையின் ஒவ்வொரு படிக்கும் சொல் வைத்திருந்த மொழியில், இன்று அந்த வேலைக்கு மிஞ்சியிருப்பது 'ஊறல்'. அதுவும் ஊறல் அழிப்பு என்ற காவல்துறைச் செய்தியில்.

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் இதைப் பேச விரும்பினேன். சாடி வேண்டாம், ரானு வில்லைகளின் படங்களை மட்டும் காட்டுகிறேன் என்றேன். தலைப்பைப் பார்த்த மேலிடம் 'சங்க இலக்கியத்தில் உணவு' என்று மாற்றச் சொன்னது. மாற்றினேன். பேசும்போது பத்து நிமிடம் மீனைப் பற்றியும் பேசினேன்.

டெக்சாஸ் மாணவர் இரண்டு சாடிகளை வைத்துவிட்டார். தீட்டாத அரிசிக் களி. ஒன்றில் அவரே முளைகட்டி இடித்த நெல், மற்றதில் சீனக் கடையில் வாங்கிய ஈஸ்ட் உருண்டை. இரண்டாம் இரவு முடிந்த காலையில் தொலைபேசியில் அழைத்தார். முளைச் சாடி புளித்த கூழாய் நிற்கிறது. லேசான இனிப்பு, அவ்வளவுதான். உருண்டைச் சாடியில் களி உடைந்து நீர்விட்டு, நுரை கட்டி, பழுத்த வாழைப்பழ வாசம் வருகிறது என்றார். ஒரு முறை செய்தது போதாது, நெல் ரகத்தை மாற்றி இன்னும் நான்கு முறையாவது செய்ய வேண்டும் என்றும் சொன்னார். வெந்நீர் எவ்வளவு விடுவது என்று கேட்டார். பாட்டில் அளவு இல்லை என்றேன். "சரிங்க ஐயா, விரலை விட்டுப் பார்த்துக்கறேன்" என்றார்.

வருகிற பருவத்தில் மறுபடியும் அந்தப் பகுதியை நடத்த வேண்டும். இம்முறை அந்த வாழைப்பழ வாசத்தைச் சொல்வதாக இருக்கிறேன், இன்னொருவர் முகர்ந்தது என்ற குறிப்போடு.