கடனைத் தள்ளாமல் காயம் ஆறுமா?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைக் குடியிருப்புகளை நிலச்சரிவு வாரிச் சென்றது. 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பத்தாரும் அவர்களில் உண்டு. மாணவர் பலரைப் பறிகொடுத்த வெள்ளார்மலைப் பள்ளி, செப்டம்பர் 2 அன்று மேப்பாடியில் மீண்டும் வகுப்புகளைத் தொடங்கியது.

காலம் செல்லச் செல்லப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்பது வசதியான நம்பிக்கை. 1988-இல் ஆர்மீனியாவைக் குலைத்த நிலநடுக்கம் அதைப் பொய்யாக்கியது. கியும்ரி நகரப் பள்ளிகளில் உளவியல் சிகிச்சை பெற்ற வளரிளம் பருவத்தினர் தேறினர். பெறாதோரின் துயரம், மூன்றாண்டுகள் கழிந்த பின்னர், குறைவதற்கு மாறாக அதிகரித்திருந்தது. சிறு குழந்தை அழுது காட்டிவிடும். பதினைந்து வயதுப் பிள்ளையோ மழை இரவுகளில் உறக்கமின்றிக் கிடந்தாலும், உடன் படித்தவன் மடியத் தான் மட்டும் பிழைத்ததேன் என்று உள்ளூரக் குமைந்தாலும், பெற்றோரின் முகம் பார்த்து வாய் திறவாது. அந்த முகத்தில் கடன் கவலை எழுதியிருந்தால் படிப்பை விட்டு வேலைக்குப் போகலாமா என்றே எண்ணும். அத்தகைய பிள்ளைக்கு ஆலோசகரின் ஒரு மணி நேரப் பேச்சு எம்மட்டில் உதவும்?

உயிர் தப்பியோருக்கு வந்த உடனடி நிவாரணப் பணத்திலேயே ஒரு வங்கி தவணையைப் பிடித்துக்கொண்டது. கண்டனம் எழுந்த பின்னரே திருப்பித் தந்தது. கேரள வங்கியோ பாதிக்கப்பட்டோரின் கடன்களைத் தள்ளுபடி செய்தது. ஆக, மனமிருந்தால் முடியும்.

ஒன்றிய அரசுக்குத்தான் மனமில்லை. பேரிடரில் உளவியல் ஆதரவு அளிப்பது குறித்துத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஏட்டில் கருணைக்குக் குறைவில்லை! கடுமையான பேரிடரில் சிக்கியோருக்குக் கடன் நிவாரணம் பரிந்துரைக்க அதே ஆணையத்துக்கு அதிகாரம் அளித்தது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அப்பிரிவை 2025 திருத்தத்தில் நீக்கிவிட்டு, கடனைத் தள்ள அதிகாரமில்லை என்று கேரள உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு கைவிரித்தது. சாவியைத் தானே கிணற்றில் எறிந்தவர் பூட்டைக் காட்டிப் புலம்புவதற்கு ஒப்பானது இது. மறுவாழ்வுக்கு மானியம் கேட்ட மாநிலத்துக்கும் 2025 பிப்ரவரியில் கிடைத்தது 529.50 கோடி ரூபாய்க் கடன். அதையும் அந்த ஆண்டு மார்ச் 31-க்குள் செலவிட வேண்டும் என்று அப்போது நிபந்தனை விதிக்கப்பட்டது. வட்டியில்லை என்பதால் கடன் உதவியாகிவிடாது.

வயநாட்டுக் குடும்பங்களின் வங்கிக் கடன்கள் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட வேண்டும். பள்ளி ஆலோசகர்கள் நிரந்தரப் பணியிடங்களில், அப்பிள்ளைகள் படித்து முடிக்கும் வரையேனும், நீடிக்க வேண்டும். அதற்கான செலவை ஒன்றிய அரசு மானியமாக ஏற்க வேண்டும். இன்னொரு கடனாக அல்ல.